போன் கேட்டு அழுத பிள்ளை

ஓய்வு பெற்ற பிறகு, சில வாரங்களுக்கு முன்னர்தான் முதல் தடவையாக அந்தப் பிள்ளை மடுவத்துக்குப் போனேன். மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் தங்கள் சின்னப் பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடத்துக்குத் தோட்டத்தில் அதுதான் பெயர். தெரணியகலைப் பக்கத்து மலையில், தேயிலையும் இறப்பரும் கலந்த ஒரு தோட்டம் அது. என் உத்தியோகத்தின் பெரும்பகுதி அங்கேதான் கழிந்தது.

கேட்டைத் திறந்தபோது உள்ளே பிள்ளைகள் இல்லை என்று நினைத்தேன். எந்தச் சத்தமும் இல்லை. கதவருகே போய் எட்டிப் பார்த்த எனக்குத் திடுக்கென்றது. பிள்ளைகள் எல்லாரும் இருந்தார்கள். பாயில் வரிசையாக உட்கார்ந்து, சுவரில் மாட்டியிருந்த பெரிய டீவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பிள்ளைகூட அடுத்த பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. நான் வந்ததையும் பார்க்கவில்லை.

என் இடத்துக்கு வந்திருக்கும் நிரோஷா நல்ல பிள்ளை. ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாருங்க மிஸ், இப்ப அழுகைச் சத்தமே கிடையாது. பாட்டு, கதை, எழுத்து எல்லாம் அதுலயே வருது."

"பேச்சுச் சத்தமும் இல்லையே நிரோஷா."

அவள் சிரித்தாள். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு ஒரு வேண்டுகோள் வைத்தாள். இரத்தினபுரியில் புதிய உத்தியோகத்தர்களுக்குப் பயிற்சி நடக்கப் போகிறதாம். குடும்பத்தில் நடக்கும் சாதாரணப் பேச்சின் மூலம் பிள்ளைகளின் மொழித் திறனை வளர்ப்பது எப்படி என்பது தலைப்பு. என் அனுபவத்தை எழுதித் தர வேண்டும்.

"பாயிண்ட் பாயிண்டா குடுத்தீங்கன்னா லேசா இருக்கும் மிஸ்."

பாயிண்ட் எழுத எனக்கு வரவில்லை. நடந்ததைத்தான் எழுத முடிகிறது. நடந்ததிலும் எனக்கு மறக்காமல் இருப்பதெல்லாம் நான் அதிர்ந்துபோன இடங்கள்தான்.

நான் கேகாலைப் பக்கத்து இறப்பர் தோட்டமொன்றில் பிறந்தவள். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு லயத்து வரிசை வீட்டில் சும்மா இருந்தபோது பிள்ளை மடுவத்தில் உதவிக்கு ஆள் கேட்டார்கள். சேர்ந்தேன். பிறகு பயிற்சிக்கு அனுப்பினார்கள். நிறை எடுப்பது, தடுப்பூசி, திரிபோசா என்ற சத்துமாவு பங்கிடுவது, கை கழுவும் முறை எல்லாம் படித்தோம். பிள்ளையின் பேச்சைப் பற்றி ஒரே ஒரு பின்னேரம் வகுப்பு நடந்தது. அன்று மழை, தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அந்த வகுப்பை எனக்குத் திருப்பி நடத்தியவர் ரிஸ்வானா மிஸ்.

மாவனல்லைப் பக்கத்துக்காரர். எங்கள் பகுதித் தோட்டங்களுக்கெல்லாம் மேற்பார்வை உத்தியோகத்தர். மேலதிகாரி வருகிறார் என்றால் தோட்டத்து ஜீப் போய்க் கூட்டிவரும் காலத்தில் அவர் பஸ்ஸில் வந்து, ஏற்றத்தில் குடை பிடித்து நடந்து வருவார். மூச்சு வாங்கும். வந்ததும் மடுவத்தின் பின்பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு, "வாங்க தங்கச்சி, ஒரு வீட்டுக்குப் போவம்" என்பார். எந்த வீடு என்று முன்கூட்டிச் சொல்லக் கூடாது. சொன்னால் அவர்கள் கூட்டித் துடைத்து, பிள்ளைக்குச் சட்டை மாற்றி, நாற்காலி வைத்துவிடுவார்கள்.

வீட்டுக்குள் போனால் அவர் நாற்காலியில் உட்காரமாட்டார். நேரே குசினிக்குப் போவார். அங்கே கிடக்கும் பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "என்ன சமையல்? ஒரு கத்தி குடுங்க" என்று கேட்டு வாங்கி வெங்காயம் உரிக்கத் தொடங்கிவிடுவார். கையில் வேலை இருக்கிறவர்களுக்கு முன்னால் யாரும் நடிக்கமாட்டார்கள் என்பது அவர் எண்ணம். பிள்ளையிடம் பெயர் கேட்கமாட்டார். பார்க்கவும் மாட்டார். பிள்ளை தானாகக் கிட்ட வரும். அது எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றி ஒரே ஒரு வசனம் சொல்வார். "வெங்காயத்துத் தோல் பறக்குது." அவ்வளவுதான். பிறகு வாயை மூடிக்கொள்வார்.

அந்த மௌனம்தான் எனக்குப் பழக மிகவும் கஷ்டமாக இருந்தது. இடையில் நான் புகுந்து, "சொல்லு, இது என்னா? வெங்காயம் சொல்லு" என்பேன். திரும்பி வரும் வழியில் அவர் சொல்வார்:

"நீங்க பேசினா அடுத்தது பிள்ளைட முறை. அது வாயைத் திறக்க நேரம் எடுக்கும். ஒருக்கா மூச்சை இழுத்து விடுங்க. நம்மட அவசரத்துல அதுட முறையையும் நாமளே பேசிடுறம். சோதனை வைக்கிற மாதிரிக் கேள்வி கேக்க வேணாம். உங்ககிட்ட யாராச்சும் கத்தியைக் காட்டி இது என்னன்னு கேட்டா நீங்க பேசுவீங்களா?"

பிள்ளை திருப்பித் தருவது ஒரு சத்தமாக இருந்தாலும் அதைப் பேச்சாக எடுத்துக்கொள்ள வேண்டும். அது "பா" என்றால், "ஆமா, பால், சூட்டுப் பால்" என்று ஒரு சொல் கூட்டித் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவருடைய முறை முழுவதும் இதற்குள் அடங்கும்.

முதல் அதிர்ச்சி அவரோடு போன ஒரு வீட்டில்தான் கிடைத்தது. மேகலா என்று இறப்பர் மரத்தில் பால்வெட்டும் பெண். விடியும் முன்பே மலைக்கு ஓடி, பகலில் வந்து சமைக்கிறவள். அவளுடைய மகளுக்குப் பேச்சு மிகவும் பின்தங்கி இருந்தது. "நான் பேசிக்கிட்டேதானே மிஸ் இருக்கேன், நாள் பூரா" என்றாள் மேகலா. உண்மைதான். நாங்கள் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க அவள் பேசினாள். "வா." "தள்ளு." "தொடாத." "சும்மா இரு." "தின்னு." "போ அங்கிட்டு." இடையில் வாசலுக்கு ஆடு வந்தது. அதைப் பார்த்தும், "தொடாத, போ அங்கிட்டு" என்றாள். அதே சொல், அதே தொனி. நான் உரித்துக்கொண்டிருந்த பூண்டைக் கீழே வைத்துவிட்டேன். மகளுக்கென்று அந்த வீட்டில் தனியாக ஒரு சொல்கூட இல்லை.

வெளியே வந்து நான் அதைச் சொன்னதும் மிஸ் என்னை அடக்கினார். "அவளைக் குறை சொல்ல வேணாம். பேசுறதுக்கு நேரம் ஒதுக்குன்னு சொன்னா, எங்கேருந்து ஒதுக்குவா? இருக்கிற வேலைக்குள்ள பேச்சைப் போடச் சொல்லுங்க." அப்படித்தான் செய்தோம். பிள்ளைக்குக் கால் கழுவும்போது பேசச் சொன்னோம். சில நாட்களில் தண்ணீர்ப் பீலிக்கரையில் மேகலாவின் குரல் கேட்டது. "இந்தக் கால்ல சேறு. இதுலயும் சேறு. எங்க போயி மிதிச்சீங்க மகாராணி?" மகள் கையை நீட்டி, "அங்க" என்றது.

அந்த வீடு எனக்குத் தைரியம் கொடுத்தது. அடுத்து வந்த வீடு அந்தத் தைரியத்தை வாங்கிக்கொண்டது.

நிறை பார்க்கும் நாளொன்றில் செல்வராணி தன் மகன் யோகனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மூன்று வயது ஆகப் போகிற பிள்ளை. நல்ல எடை, சுத்தமான உடுப்பு, எண்ணெய் வைத்து வாரிய தலை. தராசில் உட்கார வைத்தபோது அவன் அழவும் இல்லை, அம்மாவைத் தேடவும் இல்லை. "என்ன பேசுறான்?" என்று கேட்டேன். செல்வராணி குனிந்துகொண்டு தலையை ஆட்டினாள். வரிசையில் நின்ற ஒருத்தி என் காதருகே, "ரெண்டும் ஊமை மிஸ். தாயும் அப்படித்தான், புள்ளையும் அப்படித்தான்" என்றாள்.

செல்வராணி மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்த பெண். புருஷன் சசிகுமார் டவுனில் ஓட்டோ ஓட்டுகிறவர். லயத்தில் இருக்கப் பிடிக்காமல் தோட்டத்து எல்லையில், மெயின் ரோட்டுக்குப் பக்கத்தில் சின்ன வீடு கட்டிப் போயிருந்தார். மனைவியை மலைக்கு வேலைக்கு அனுப்பவில்லை. அதனால் யோகன் பிள்ளை மடுவத்துக்கும் வந்ததில்லை. காதில் குறையிருக்கலாம் என்று ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். சோதித்துவிட்டு, காது நன்றாகக் கேட்கிறது என்று சொல்லிவிட்டார்கள். அப்படியென்றால் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டியதுதான்.

சொல்லாமல் போனேன். மிஸ் இல்லாமல் நான் தனியே போன நாள் அது. வாசலுக்கு வந்தபோது உள்ளே ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள். சிரித்துச் சிரித்து, ஒரு மூச்சில், அருவி மாதிரிப் பேச்சு. விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். "அக்கா, கேளேன். அக்கா, அந்தக் கோழி இருக்குல்ல, அது நேத்து என்னா செஞ்சிச்சு தெரியுமா? அடுப்புக்குள்ள போயி முட்ட போட்டுட்டு வந்துருக்கு. நான் நெருப்பு மூட்டுறேன், டொப்புன்னு வெடிக்குது."

எட்டிப் பார்த்தேன். செல்வராணி காதில் போனை வைத்துக்கொண்டு குசினியில் குந்தியிருந்தாள். ஊமை என்று தோட்டமே சொன்ன பெண்ணின் வாயிலிருந்துதான் அந்தப் பேச்சு வந்தது. அவளுக்கு எதிரே யோகன் சப்பணமிட்டு உட்கார்ந்து, வாய் திறந்தபடி அவளுடைய உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சிரித்தால் அவன் முகமும் மலர்ந்தது. பேச்சு முடிந்தது. போனைக் கீழே வைத்தாள். வாயை மூடிக்கொண்டாள். அவன் அவள் முழங்காலைத் தொட்டான். அவள் ஒன்றும் சொல்லாமல் கையால் சோற்றுப் பானையைக் காட்டி, பசிக்கிறதா என்பது போலப் புருவத்தை உயர்த்தினாள்.

அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

என்னைக் கண்டதும் அவள் பயந்துபோனாள். "அவருகிட்ட சொல்லிராதீங்க மிஸ்" என்பதுதான் முதல் வார்த்தை.

"எதைச் சொல்ல வேணாங்கிற?"

"புள்ளைக்கு முன்னுக்குத் தமிழ் பேசினத. எங்க அக்காவோட மட்டுந்தான் பேசுவேன். அதுவும் அவரு இல்லாத நேரம்."

பிறகு மெல்ல மெல்லச் சொன்னாள். யோகன் பிறந்த அன்றே சசிகுமார் சொல்லிவிட்டாராம்: இந்தப் பிள்ளை சிங்களத்திலேயே வளர வேண்டும், ஒரு தமிழ்ச் சொல்லும் காதில் விழக் கூடாது, டவுனில் சிங்களப் பாடசாலையில்தான் சேர்க்க வேண்டும். செல்வராணிக்குச் சிங்களம் கடையில் சாமான் வாங்கும் அளவுக்குக்கூட வராது.

"வர்ற மாதிரி பேசலாம்ல?"

"நான் பேசுனா பிழையாப் பேசுவேன் மிஸ். புள்ள அதப் புடிச்சிக்கிட்டா அவரு கஸ்டப்படுவாரு. அதான் நான் பேசாமயே இருந்துக்கிறேன். அவரு ஞாயித்துக்கிழமையில பேசுவாரு. மத்த நேரம் போன்ல சிங்களக் கார்ட்டூன் போட்டுக் குடுத்துருவேன்."

"தாலாட்டு?"

அவள் தலையை ஆட்டினாள். மடியில் போட்டுத் தட்டுவாளாம். சத்தமில்லாமல்.

ஒரு தாய் கிட்டத்தட்ட மூன்று வருடம் தன் பிள்ளையிடம் வாய் திறக்காமல் இருந்திருக்கிறாள். அதுவும் பிள்ளைமேல் உள்ள அக்கறையில். அன்று வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று எனக்கு நினைவில்லை.

ரிஸ்வானா மிஸ்ஸிடம் சொன்னேன். "அந்த மனுசனைப் பாக்காம ஒண்டும் முடிவு பண்ண வேணாம்" என்று மட்டும் சொன்னார்.

தெரணியகலை பஸ் நிலையத்துக்கு எதிரே ஓட்டோக்கள் நிற்கும் இடத்தில் சசிகுமாரைக் கண்டோம். ஆளைப் பார்த்தால் கோபக்காரராகத் தெரியவில்லை. எங்களை வண்டியின் பின்பக்கம் உட்கார வைத்து, தான் முன்னால் திரும்பி உட்கார்ந்துகொண்டார். நான் மனதில் தயார் செய்து வந்த வார்த்தைகள் காரமானவை. மிஸ் என் கையை அழுத்திவிட்டு, "தம்பி, மகனுக்குச் சிங்களம் வேணும்னு ஆசைப்படுறீங்க. அது சரிதான். என்னத்துக்கு இவ்வளவு பிடியா இருக்கீங்கன்னு எனக்கு விளங்கணும்" என்றார்.

அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எங்கப்பா பால்வெட்டு. நான் சின்னப் பையனா இருக்கயில ஒரு பின்னேரம் நெஞ்சப் புடிச்சிக்கிட்டு விழுந்துட்டாரு. தோட்டத்து லொறியில ஏத்தி ஆஸ்பத்திரிக்குப் போனோம். அம்மாவுக்குச் சிங்களம் ஒரு சொல்லுந் தெரியாது. எனக்குத்தான் தெரியும்னு எல்லாரும் என்னைய முன்னுக்குத் தள்ளுனாங்க. ரோட்டுல சிங்களப் பசங்களோட பந்தடிச்சுப் படிச்ச சிங்களம். எங்க வலின்னு கேட்டாங்க. அப்பா நெஞ்சுக்குள்ள அடைக்குதுன்னு சொல்றாரு. நெஞ்சுக்கு என்னா சொல்லணும்னு எனக்குத் தெரியல. வயித்துக்குத் தெரியும். 'பட'. அதச் சொன்னேன். பட வலிக்குதாம்னேன். வயித்து மருந்து குடுத்து வாங்குல ஒக்கார வச்சாங்க. அந்த வாங்குலயே போயிட்டாரு."

அவர் சாலையிலிருந்து கண்ணை எடுத்து எங்களைப் பார்த்தார்.

"பப்புவ. நெஞ்சுக்கு அதுதான் சொல்லு மிஸ். பெறகு படிச்சிக்கிட்டேன். சின்னச் சொல்லு."

அந்தச் சொல் தெரிந்திருந்தால் அவருடைய அப்பா பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. ஆனால் ஒரு சின்னப் பையன் அதைச் சுமந்துகொண்டு வளர்ந்து, தகப்பனாகி, வீட்டுக்குள் தன் மொழியின் வாயை அடைத்திருக்கிறான். நான் கொண்டுவந்த காரமான வார்த்தைகள் எங்கே போயின என்று தெரியவில்லை.

மிஸ் நிதானமாகச் சொன்னார்: "உங்க பிள்ளைக்குச் சிங்களம் கட்டாயம் வேணும் தம்பி. நான் அதுக்கு எதிர் இல்ல. ஒரு மொழியில பேசப் பழகின பிள்ளைக்கு அடுத்த மொழி ஓடி வரும். பேசுறதுன்னா என்னன்னே தெரியாத பிள்ளைக்கு எந்த மொழி வரும்? பேச்சை முதல்ல குடுக்கக்கூடியவங்க உங்க வைஃப். அவங்களுக்கு இருக்கிறது தமிழ்."

சசிகுமார் தலையை ஆட்டினார். "யோசிக்கிறேன் மிஸ்." சவாரிக்கு ஆள் வந்தது. இறங்கிவிட்டோம்.

அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. செல்வராணியும் என்னைக் கண்டால் வழி மாறினாள். மிஸ் கூடச் சோர்ந்துபோனார் என்றுதான் நினைக்கிறேன்.

மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒரு காலையில் மடுவத்துக்குப் பக்கத்திலிருக்கும் தோட்டத்து மருந்துச்சாலை வாசலில் ஓட்டோ வந்து நின்றது. யோகன் அலறும் சத்தம் கேட்டு ஓடினேன். சசிகுமார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். செல்வராணி பின்னால் வந்தாள். இரண்டு பேருக்கும் தூங்காத முகம்.

எங்கள் டொக்டர் ஐயா வயதானவர், பொறுமைசாலி. காய்ச்சல் கொஞ்சம் இருந்தது. தொண்டையைப் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. சசிகுமார் மகனின் முகத்துக்கு நேரே குனிந்து, "கொஹெத ரிதென்னே புத்தே? கொஹெத ரிதென்னே?" என்று கேட்டார். எங்கே வலிக்கிறது மகனே என்று. வயிற்றைத் தொட்டு "பட?" என்றார். நெஞ்சைத் தொட்டு "பப்புவ?" என்றார். உடம்பில் உள்ள எல்லா இடத்துக்கும் அவருக்குச் சிங்களச் சொல் தெரிந்திருந்தது. பிள்ளை அலறியது.

"ரெண்டு நாளா இப்படித்தாங்க" என்றாள் செல்வராணி, டொக்டர் ஐயாவிடம். "போன் கேட்டு அழறான். குடுத்தா தூக்கி எறியிறான். மறுபடியும் கேக்குறான்."

"போன் வேணும்னு எப்படிமா கேக்குறான்? பேசமாட்டானே" என்றார் ஐயா.

அவள் தன் வலது கையை விரித்துக் காதில் வைத்துக் காட்டினாள். "இப்படி வைப்பான்."

நான் அவளுடைய கையைப் பார்த்தேன். டொக்டர் ஐயாவும் பார்த்தார். சசிகுமாரின் முகத்தில் இரத்தம் வற்றியதை நான் கண்டேன். பிள்ளை இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். காதைப் பிடித்துப் பிடித்துக் காட்டியிருக்கிறான். ஒவ்வொரு தடவையும் அவன் கையில் போனைக் கொடுத்திருக்கிறார்கள்.

ஐயா டோர்ச்சை எடுத்தார். காதுக்குக் கிட்டக் கொண்டுபோக முடியவில்லை. பிள்ளை திமிறினான், தகப்பனின் கையைக் கடித்தான். அப்போது சசிகுமார் மனைவியைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார், தமிழில்:

"பேசு. அவன்கிட்ட ஏதாச்சும் பேசு செல்வி."

அவள் புரியாமல் நின்றாள்.

"உனக்கு வர்றதப் பேசு."

செல்வராணி மகனின் முகத்தை இரு கையாலும் பிடித்தாள். முதலில் ஒன்றும் வரவில்லை. தன் பிள்ளையிடம் எப்படித் தொடங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. பிறகு, "ஒண்ணுமில்லடா" என்றாள். "ஒண்ணுமில்ல தங்கம். ஐயா பாக்கட்டும். சும்மா பாப்பாரு. கோழி பாக்குற மாதிரி இப்படி ஒரு கண்ணால பாப்பாரு." நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனாள்.

யோகனின் அழுகை நின்றது. வலி நின்றிருக்காது. அந்தக் குரல் முதல் தடவையாகத் தன்னைப் பார்த்து வருகிறது என்பதுதான் அவனை நிறுத்தியது. அவன் அவள் வாயையே பார்த்தான். ஒரு விரலை நீட்டி அவள் உதட்டைத் தொட்டான். தெளிவாகச் சொன்னான்:

"அக்கா."

"யார அக்காங்கிறான்?" என்றார் சசிகுமார்.

செல்வராணிதான் முதலில் விளங்கிக்கொண்டாள். அந்த வீட்டில் அவள் வாய் திறக்கும்போதெல்லாம் முதலில் வந்த சொல் அதுதான். அக்கா, கேளேன். அக்கா, சாப்பிட்டியா. அம்மாவின் குரலுக்கு அவன் அந்தப் பெயரை வைத்திருந்தான். அவள் மகனை வாங்கிக்கொண்டு, சுவரோடு சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவன் விடாமல் அவள் உதட்டைத் தட்டி, "அக்கா, அக்கா" என்று பேசச் சொல்லிக்கொண்டிருந்தான். ஐயா அந்த இடைவெளியில் காதைப் பார்த்துவிட்டார். கடலைப் பருப்பு ஒன்று உள்ளே போய், குளித்த தண்ணீரில் ஊறிப் பருத்து இறுகியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் எடுக்க வேண்டியிருந்தது. போகும் வழியெல்லாம் செல்வராணி அவனோடு பேசிக்கொண்டே போனாள் என்று பிறகு அறிந்தேன். ஓட்டோவை ஓட்டியவர் ஒன்றும் சொல்லவில்லை.

காது ஆறிய பிறகு ரிஸ்வானா மிஸ் வந்தார். வழக்கம்போல் குசினியில் பலகையை இழுத்துப் போட்டுக்கொண்டார். பெரிதாக எதுவும் சொல்லித் தரவில்லை. "உங்க அக்காவோட எப்படிப் பேசுவீங்களோ, அப்படியே இவனோட பேசுங்க" என்றார்.

"அவன் பதில் பேச மாட்டானே மிஸ்."

"உங்க அக்காவும் அந்தப் பக்கம் 'ம்'தானே கொட்டுறாங்க?"

செல்வராணி சிரித்ததை அன்றுதான் நேரில் பார்த்தேன்.

சசிகுமாரிடம் சிங்களத்தை விடச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பிள்ளையை ஓட்டோவில் ஏற்றி, இது என்ன, அது என்ன என்று சிங்களத்தில் சோதனை வைத்துக்கொண்டிருந்தார். அதை நிறுத்தி, சக்கரம் கழுவும்போது பிள்ளை பார்ப்பதைப் பற்றிப் பேசிவிட்டு, கொஞ்சம் வாயை மூடிக் காத்திருக்கச் சொன்னார் மிஸ். காத்திருப்பது அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் காத்திருந்தார்.

பேச்சு மெல்ல வந்தது. முதலில் "கோயி" என்றான், கோழிக்கு. பிறகு "போச்சி". இன்னும் கொஞ்ச நாளில் கார்ட்டூனில் கேட்டு உள்ளே கிடந்த சிங்களச் சொற்களும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. இப்போது பாடசாலையில் படிக்கிறான். வீட்டில் அம்மாவோடு ஒன்றும் ஓட்டோவில் அப்பாவோடு இன்னொன்றும் பேசுகிறான். சில சொற்களில் இன்னும் நாக்குத் தடுக்கும். அது முழுதாகப் போகுமா என்று என்னால் சொல்ல முடியாது.

ஒன்று மட்டும் பல வாரம் மாறவில்லை. செல்வராணியை அவன் அக்கா என்றே கூப்பிட்டான். பீலிக்கரையில் பெண்கள் சிரித்தார்கள். அவள் வெளியே காட்டிக்கொள்ளாவிட்டாலும் உள்ளே நொந்துபோனாள். திருத்தலாமா என்று மிஸ்ஸிடம் கேட்டேன்.

"வேணாம். திருத்தினா பேசுறதை விட்டுடுவான். அந்த வீட்டுல அவங்களை அம்மான்னு யாராச்சும் சொல்லி அவன் கேட்டிருக்கானா?"

யோசித்துப் பார்த்தேன். கேட்டிருக்க வழியில்லை. சொல்லக்கூடிய ஒரே ஆள் தகப்பன்தான். அதை அவரிடம் சொன்னபோது சசிகுமார் கொஞ்ச நேரம் ஓட்டோவின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சிங்களத்துலயும் அம்மா அம்மாதானே மிஸ்" என்றார்.

எனக்கு அது தோன்றியதே இல்லை.

அதன் பிறகு அவர் வீட்டுக்கு வந்தால், "அம்மா எங்க? அம்மாகிட்ட குடு. அம்மா தண்ணி எடுக்குறாங்க" என்று சொல்லத் தொடங்கினார். செல்வராணியிடம் எதையாவது கேட்பதென்றாலும் மகனிடம் சொல்லியே கேட்டார். ஒரு பின்னேரம் நான் அந்தக் குசினியில் பலா விதை உரித்துக்கொண்டிருந்தேன். அவள் எனக்கு முதுகைக் காட்டி அரிசி களைந்துகொண்டிருந்தாள். யோகன் வாசலிலிருந்து ஓடி வந்து அவள் இடுப்பில் கட்டியிருந்த சீத்தைத் துணியைப் பிடித்து இழுத்தான்.

"அம்மா, கோழி."

அரிசிக்குள் இருந்த அவளுடைய கை நின்றது. ஆனால் அவள் திரும்பவில்லை. அவன் துணியை இன்னும் பலமாக இழுத்தான்.

"அம்மா."

மூன்றாம் தடவை கூப்பிட்ட பிறகுதான் திரும்பினாள்.